மறு: ‘ஃபில்லோடு’க்குக் காம்பிலை?

> ஃபில்லோடு அசல் இலை இல்லையே. ‘போலியிலை’ என்று வைத்துவிடலாமா?

வணக்கம் ஐயா.

ஃபில்லோடு (phyllode) என்பது இலையின் வேலையைச் செய்யும் இலைக்காம்பு. அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். போலியிலை எனக்கு ஒட்டவில்லை. நாம் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிக்கொண்டிருக்கும் கோல்ட் டஸ்ட் வாட்டிலையே, அதாவது அகேசியா அசினேசியாவையே எடுத்துக்கொள்வோம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், தெற்கு ஆஸ்திரேலியா பக்கத்து வறண்ட யூகலிப்டஸ் காடுகளில், பெரிய மரங்களுக்கு அடியில் வளரும் புதர்ச்செடி. ஆகஸ்டு வாக்கில் மஞ்சள் உருண்டைப் பூக்கள் கிளை நெடுக அப்பிக்கொள்ளும். அதில் இலையாகத் தெரிகிற சின்னச் சின்னப் பச்சைத் தகடு எல்லாமே ஃபில்லோடுதான். செடிக்குச் சோறு ஆக்கிப் போடுவதே அவைதான். அவற்றைப் போய்ப் போலி என்பதா?

நாற்றைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். முதலில் வருவது நம் கருவேலத்தில் இருப்பது போன்ற இரட்டைச் சிறகுக் கூட்டிலை. அப்புறம் வருபவற்றில் காம்பு அகலமாகிக்கொண்டே போகும், நுனியில் சிற்றிலைகள் குறையும், கடைசியில் காம்பு மட்டும் நிற்கும். ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் பிளாக்வுட் என்ற அகேசியா மரத்தின் கன்றைத் தேடிப் பாருங்கள்: அகன்ற காம்பின் நுனியில் சிறகிலை தொங்குவதை அதே கிளையிலேயே காணலாம். கருப்பு வாட்டில் என்ற இன்னொரு அகேசியாவில் தேடாதீர்கள். அது வளர்ந்த பிறகும் சிறகிலையோடுதான் இருக்கும்.

‘தட்டைக்காம்பு’ என்று இன்னொரு நண்பர் சொன்னது நல்ல சொல்தான். ஆனால் அகேசியா வெர்டிசில்லேட்டாவில் ஃபில்லோடு ஊசி மாதிரி இருக்கும். தட்டை என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வோம். ‘இலைத்தொழில் காம்பு’ பொருளில் சரி. பள்ளியில் படித்த இலைத்தொழில் தண்டுக்கும் (இலையின் வேலையைச் செய்யும் தண்டு) ஜோடியாக வரும். ஆனால் அதோடு நரம்பு, விளிம்பு, சுரப்பி என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், வாக்கியம் மூச்சு வாங்கும்.

அதனால் என் வாக்கு காம்பிலைக்கு. காம்புள்ள இலை என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற கேள்வி நியாயமானது. அதற்குத்தான் ‘காம்புடைய இலை’ என்று விரித்து எழுதும் வழக்கம் இருக்கிறதே. இரண்டையும் சொல்லடைவில் அடுத்தடுத்து வைத்தால் குழப்பம் வராது.

விளக்கம் இப்படி இருக்கலாம்: “காம்பிலை – இலைப்பரப்பு இல்லாமல், இலைக்காம்பே இலையின் வேலையைச் செய்வது. தட்டையாக இருந்தால் பெரும்பாலும் விளிம்பு மேல்நோக்க நிமிர்ந்து நிற்கும். உச்சி வெயில் நேராகத் தாக்காது.”

கடைசி இரண்டு வாக்கியங்களும் சொல்லடைவுக்கு அதிகமா? எனக்கு வைத்துக்கொள்ளத்தான் ஆசை. வெட்டுவதாக இருந்தால் கட்டுரைக்கு நகர்த்திவிடுங்கள்.