சாமான் கொட்டகையைக் கோழிக்கூடாக மாற்றிய அனுபவம்

வீட்டுக்குப் பின்புறம் பத்தடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட மரக்கொட்டகை ஒன்று, பல ஆண்டுகளாக உடைந்த நாற்காலிகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் காலி செய்து கோழி வளர்க்க முடிவெடுத்தபோது, சுவரும் கூரையும் கதவும் இருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே நம்பினேன். ஆனால் பொருள்கள் நனையாமலிருக்கக் கட்டிய இடம் வேறு, மூச்சுவிடும் உயிர்கள் இரவு முழுவதும் அடைந்திருக்கும் இடம் வேறு என்பதை முதல் மாதத்திலேயே கோழிகள் எனக்கு உணர்த்தின.

கோழிகளை விடுவதற்கு முன் செய்தவற்றில் இரண்டைப் பற்றி இன்றும் நிறைவு உண்டு. கோழி கண்ணில் பட்ட மின்னும் துண்டை எல்லாம் கொத்தி விழுங்கும். விழுங்கிய ஆணி இரைப்பையைக் குத்திக் கிழித்துவிடக்கூடும். ஆகவே, ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும் இழுத்தபோது, பெருக்கித் துடைத்த தரையிலிருந்தே ஒரு கைப்பிடி ஆணிகளும் திருகாணிகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. அடுத்தது உரிந்துகொண்டிருந்த பழைய வண்ணப்பூச்சு. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. கோழி அதைத் தின்றால் ஈயம் முட்டை வரை வந்து சேரும். எனவே பூச்சு உரிந்த பலகைகளையும், பூச்சிமருந்து டப்பாக்கள் நின்றிருந்த மூலையின் தரைப்பலகைகளையும் கழற்றிவிட்டுப் புதிய பலகைகளை அடித்தேன்.

ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடி என்ற கணக்கில் அந்த இடத்தில் 20 கோழிகள் வரை அடைக்கலாம். நான் எட்டுக் கோழிகளோடு நிறுத்திக்கொண்டேன். அப்படியிருந்தும் மூன்றாவது வாரத்தில் தொல்லை தொடங்கியது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் கண் எரிந்தது. கூரைத் தகரத்தின் அடிப்புறத்தில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு கோழி தும்மிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடியே நின்றது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் கோழியைத் தொடுவதற்கு முன் குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். நின்றபோது லேசாகத் தெரிந்த நெடி, அங்கே மூக்கைத் துளைத்தது.

புதிய எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். கோழிகள் விடும் மூச்சிலும் ஈரம் உண்டு. அந்த ஈரம் வெளியேறாமல் தங்கினால், எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றிவிடுகின்றன. குளிர்காற்று பட்டால் கோழிகளுக்கு ஆகாது என்று எண்ணி, பலகை இடுக்குகளை எல்லாம் நானே கோணித்துணியால் அடைத்து வைத்திருந்தேன். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கும். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு அது குளிரைத் தாங்கிவிடும். ஈரமும் நெடியும் தேங்கிய காற்றைத்தான் அதனால் தாங்க முடியாது.

நீளவாட்டுச் சுவர்கள் இரண்டிலும் கூரைக்குச் சற்றுக் கீழே ஓரடி உயரத்துக்குப் பலகையை அறுத்தெடுத்து வலை அடித்தேன். காற்று கோழிகளின் மேல் நேராக வீசாமல் தலைக்கு மேலே கடந்து போகும்படி, அவை அடையும் கழிகளையும் தாழ்த்தினேன். மறுநாள் விடியலில் தகரத்தின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தேன்; உள்ளங்கையில் ஈரம் இல்லை. கழிகளை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டதால் கோழிகள் அவற்றைவிட உயரமாக இருந்த முட்டைப் பெட்டிகளில் ஏறித் தூங்கத் தொடங்கின. பெட்டிகளையும் இறக்கிய பிறகுதான் முட்டைகள் எச்சம் படாமல் கிடைத்தன. தரையில் நான்கைந்து அங்குலம் மரச்சீவல் பரப்பியிருக்கிறேன். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்தவுடன் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

* * *

மேலே வலை அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது எந்த வலை என்பதைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். நானும் கொட்டகையின் சன்னலைத் திறந்துவிட்டு, கடையில் கோழிவலை என்ற பெயரில் கிடைத்த அறுகோணக் கண் கொண்ட மெல்லிய வலையைத்தான் அடித்தேன். அது கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. ஒரு காலையில் வலையின் ஒரு மூலை சுருண்டு கிடந்தது. மரத்தில் அடித்திருந்த கம்பி ஊக்குகள் பிடுங்கப்பட்டிருந்தன. இரண்டு கோழிகளைக் காணவில்லை. அவற்றில் ஒன்று என் மகள் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தது. அவளிடம் அதைச் சொன்ன காலை இன்னும் மறக்கவில்லை.

இப்போது அரை அங்குலக் கண் கொண்ட, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்ட் மெஷ் வலையை, ஊக்கு இல்லாமல், வாஷரோடு திருகாணியால் முடுக்கியிருக்கிறேன். அதே வலையில் ஒன்றரை அடி அகலத் துண்டுகளைச் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடினேன். தோண்டி நுழையப் பார்க்கும் விலங்கு சுவரை ஒட்டித்தான் பறிக்கும்; வலை தட்டுப்பட்டாலும் ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. சில மாதங்களில் மூன்று இடங்களில் நகம் பட்டு மண் பறிந்திருந்தது. மூன்றுமே வலை வரை வந்து நின்றுவிட்டன. கோழிகள் அடையும் நேரத்தில் நானும் மகளும் எண்ணிப் பார்த்த பிறகே தாழ்ப்பாளைப் போடுகிறோம்.

* * *

உங்களுடையது மரக்கொட்டகை என்பதால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கோழிகள் ஒரு கோடையில் அந்தி சாய்ந்தும் உள்ளே போக மறுத்து வாசலிலேயே நின்றன, கொண்டைகள் வெளிறின, முட்டையும் குறைந்தது. பகலில் எத்தனை முறை தேடியும் ஒன்றும் தென்படவில்லை. இரவு பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், ஒரு வெள்ளைத் தாளைக் கழியின் அடியில் தேய்த்து எடுத்தபோது, தாளில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. பகலில் மர இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ஏறி இரத்தம் குடிக்கும் செள்ளு அது. வெப்பக் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆகவே ஒருமுறை கழுவியதோடு விட்டுவிடாமல் வாரந்தோறும் கழுவினேன். இரத்தம் இல்லாமலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால் கொட்டகையைச் சில வாரம் காலியாக விட்டும் பயனில்லை. உங்கள் கழிகள் நிலையாக முடுக்கப்பட்டிருந்தால், கழற்றி எடுக்கும்படி மாற்றிவிடுங்கள். அவற்றின் முனைகள் பொருந்தும் இடம்தான் செள்ளுகளுக்குப் பிடித்த இடம்.

* * *

இருவருக்கும் மிக்க நன்றி. வலை அரை அங்குலக் கண் கொண்டதுதான். ஆனால் ஊக்கால்தான் அடித்திருக்கிறேன். இன்று மாலையே திருகாணிகள் வாங்கிவந்துவிட்டேன். கழிகளையும் கழற்றிப் பார்த்தேன். மூன்றின் முனைகள் சுத்தமாக இருந்தன. நான்காவது பொருந்தியிருந்த பள்ளத்தில் சாம்பலைப் போன்ற தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டபோது அது நகர்ந்தது.