சிறுநீர் கூடிவிட்டது, கிரியேட்டினின் இறங்கவில்லை. ஏன்?

கேள்வி: திடீர் சிறுநீரகச் செயலிழப்பு. டயாலிசிஸ் நிறுத்தியபின் நாளுக்கு 4 லிட்டர் சிறுநீர் போகிறது. கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி நீக்கும் கழிவு) அப்படியே நிற்கிறது. தேறுகிறதா, இல்லையா?

பதில் 1: பெரும்பாலும் தேறும் அறிகுறிதான். வடிகட்டல் மெல்லத் திரும்பும். நீரையும் உப்பையும் மீட்டு உறிஞ்சும் நுண்குழாய்கள் பின்தங்கும். கிரியேட்டினின் இறங்கச் சில நாள் பிடிக்கும். இப்போது பயப்பட வேண்டியது நீரிழப்புக்கும் பொட்டாசியம் குறைவதற்கும். தினமும் காலையில் எடை, ரத்த அழுத்தம், சோடியம், பொட்டாசியம் பார்க்கணும். ஆனால் போவதை எல்லாம் ட்ரிப்ஸில் ஈடுகட்டினால் சிறுநீர்ப்போக்கு அடங்கவே அடங்காது.

பதில் 2: சிறுநீர் குறைந்திருக்கும் கட்டத்தில் கதை தலைகீழ்: பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் 6.5 mmol/L-ஐத் தொட்டால் உடனே இசிஜி. கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. குறைக்க இன்சுலினும் குளுக்கோஸும்.

பதில் 3: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் வேண்டாம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். 3 மாதத்தில் கிரியேட்டினினோடு சிறுநீர் அல்புமினும் (சிறுநீரில் கசியும் புரதம்) பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.