கிளாட்: 20 பேருக்கு ஒரு இடம் என்ற கணக்கை நம்பலாமா?

முல்லைக்கொடி கேட்டது:
மகள் பிளஸ் 1 படிக்கிறாள், ஐந்தாண்டு சட்டப்படிப்புதான் என்று உறுதியாக இருக்கிறாள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்கு 60,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே மூவாயிரத்துச் சொச்சம் இடங்கள்தான், அதாவது 20 பேருக்கு ஒன்று என்கிறார்கள். நாங்கள் எம்பிசி. இந்த நிலையில் பயிற்சிக்குச் செலவழிக்கலாமா? அரசு சட்டக் கல்லூரிக்கும் கிளாட் எழுத வேண்டுமா?

கருப்பங்கி:
அந்த 5 சதவீதத்தை மறந்துவிடுங்கள் அம்மா. எல்லா இடங்களும் ஒரே வரிசையில் நிரம்புவதில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சொந்த மாநிலத்தாருக்கு ஒரு பங்கு ஒதுக்கும். பெங்களூரில் கர்நாடக மாணவர்களுக்கு 25 சதவீதம். அப்புறம் சமூக ஒதுக்கீடு. உங்களுக்கு இந்த இரண்டு ஒதுக்கீடும் கிடைப்பது திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில். சென்ற ஆண்டு அங்கே தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில், உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்ற ரேங்க் எது என்று பாருங்கள். முதல் சுற்றுப் பட்டியலோடு நிறுத்தாமல் கடைசிச் சுற்றையும் பாருங்கள், இரண்டுக்கும் இடைவெளி இருக்கும்.

வெளிமாநிலங்களில் ஓபிசி விதி இடத்துக்கு இடம் மாறும். ஓபிசி கேட்கும் இடத்தில் நம் எம்பிசி சாதிச் சான்றிதழ் போதாது. மத்தியப் பட்டியல்படி, கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று தாசில்தார் தரும் சான்றிதழ் வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அதில் சேராது. இது தெரியாமல் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

தராசுமுள்:
தேர்வைப் பற்றி: 120 கேள்விகள், 120 நிமிடம், சரிக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 குறையும். சட்டப் பாடம் கேட்க மாட்டார்கள். சுமார் 450 சொல் கொண்ட பத்தி கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். ஆங்கில வாசிப்பு வேகம் இல்லாதவர்கள் சறுக்குவது அங்கேதான். தினமும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படிக்கப் பழக்குங்கள், இப்போதே.

தெரியாததை விட்டுவிடு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான்கு விடைகளில் ஒன்றை நிச்சயமாகத் தள்ள முடிந்தால், மிச்சம் மூன்றில் குறித்தால் சராசரியாக 0.17 லாபம். நஷ்டம் வருவது ஒரே கேள்வியில் மூன்று நிமிடம் உட்காருவதால்தான். மதிப்பெண் சமமானால் சட்டத் தர்க்கப் பகுதியில் (லீகல் ரீசனிங்) கூடுதலாக வாங்கியவருக்கு முன்னுரிமை.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் இல்லை. அதற்கு ஐலெட் என்று தனித் தேர்வு.

வைகைக்கரை:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண், 69 சதவீத இடஒதுக்கீடு (எம்பிசி, சீர்மரபினருக்கு 20), அவ்வளவுதான். தேர்வு முடிவு வந்ததும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், இணைவுக் கல்லூரிகளுக்கு இன்னொன்று. ஒன்று போட்டால் மற்றதற்கும் சேராது. ஆகவே கிளாட்டுக்காகப் பிளஸ் 2 பாடங்களைக் கைவிட வைக்காதீர்கள்.

முல்லைக்கொடி:
நன்றி. கவுன்சலிங்கில் ஃப்ரீஸ், ஃப்ளோட் என்கிறார்களே, அது என்ன?

கருப்பங்கி:
ஃப்ரீஸ் என்றால் கிடைத்த இடம் போதும், இனி மாறாது. ஃப்ளோட் என்றால் இதைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் மேலே எழுதிய விருப்பத்துக்குக் காத்திருப்பது. மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் போக மனமில்லாத ஊரைப் பெயருக்காக மேலே போடாதீர்கள். கெடுவுக்குள் எதையும் தேர்ந்தெடுக்காமல் பணமும் கட்டாமல் இருந்தால் வரிசையிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.