மகரக்கட்டு வயதில் ஒரு பாட்டுப் போட்டி

பத்து வயதில் கணீரென்று தேவாரம் பாடிப் பரிசு வாங்கிய பையன்கள் பதினான்கு வயதில் எங்கே போய்விடுகிறார்கள்? எங்கள் கும்பகோணத்தில் நடக்கும் பாட்டுப் போட்டிகளுக்கு வந்து பாருங்கள். சிறுவர் பிரிவில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாக இருப்பார்கள். அடுத்த பிரிவில், அதாவது பதின்மூன்று முதல் பதினெட்டு வரை, பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிலர் மிருதங்கத்துக்கோ கீபோர்டுக்கோ மாறியிருப்பார்கள். சிலரைக் கேட்டால் பத்தாம் வகுப்புப் படிப்பு என்பார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் மகரக்கட்டுதான், அதாவது பருவ வயதில் குரல் உடைந்து மாறுவது. என் மகன் அதன் நடுவில் இருக்கும்போதே போட்டியில் பாடினான். அதே நிலையில் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

ஐந்து கட்டையில் தாராளமாகப் பாடிக்கொண்டிருந்தவன் அவன். (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்.) ஒரு கோடை விடுமுறைக்குள் எல்லாம் மாறியது. மேல் சட்ஜத்தை, அதாவது மேலே வரும் ‘ச’வை, நெருங்கும்போது குரல் பிசிறியது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. பேசும்போதே ஒரு சொல் மேலேயும் அடுத்த சொல் கீழேயும் விழுந்தது. சளி என்றார்கள் உறவினர்கள். அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். தொண்டைக்கு இதமாக இருந்ததே தவிர, பிசிறு போகவில்லை. போகவும் போகாது. இது நோய் இல்லை. குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வயலினில் நீளமான, கனமான தந்திக்குத் தாழ்ந்த சுருதி வருவதைப் போலத்தான் இதுவும். பையன்களின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையுள்ள தூரம், கீழே இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் சற்று இறங்கும். அது இரண்டு மூன்று சுரத்தானங்களோடு நின்றுவிடுவதால் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

எங்கள் ஓதுவார் ஐயா பாடத்தை நிறுத்தவில்லை. "கத்திப் பாடக் கூடாது, அவ்வளவுதான். பாடாமல் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?" என்றார். அவர் சுருதி கண்டுபிடித்த முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். பாட வந்து உட்கார்ந்ததும் அவனைப் பாடச் சொல்ல மாட்டார். "திருச்சிற்றம்பலம் சொல்லு தம்பி. பாடாதே, பேசு" என்பார். அவன் சாதாரணமாகச் சொல்லும்போது குரல் எங்கே நிற்கிறது என்று கேட்டு, சுருதிப் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்பி அந்த இடத்துக்குக் கொண்டுவருவார். அன்றைய பாடம் அந்தச் சுருதியில்தான். ஒரு நாள் மூன்று கட்டை, ஒரு நாள் இரண்டு. பழைய ஐந்து கட்டையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. பையனும் மெல்ல மெல்ல அதை மறந்தான்.

போட்டி அறிவிப்பு வந்தபோது நான்தான் தயங்கினேன். ஐயா தயங்கவில்லை. பண்ணிசைப் பிரிவில் பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டு, அப்பர் பெருமான் திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தைத் தேர்ந்தெடுத்தார். கொல்லிப் பண். ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள். நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்தில், அதாவது கீழே உள்ள ‘ப’வில், தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். மேல் சட்ஜத்தைத் தொடுவதே இல்லை. ஒரே ஒரு ஸ்தாயிக்குள் முழு ராகமும் அடங்கிவிடுகிறது. உடைந்த குரலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? குறிஞ்சி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்களும் மேல் சட்ஜத்துக்குப் போகாதவை என்பதை அன்றுதான் கற்றேன். கீர்த்தனைப் பிரிவில் சேருகிறவர்கள் தங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தேர்வுக்கு இன்னொரு காரணமும் அவரிடம் இருந்தது. "சூலை நோயில் துடித்தவர் பாடிய பாட்டு தம்பி இது. தேன் மாதிரிக் குரல் வேண்டியதில்லை. சொல் சுத்தமாக விழ வேண்டும்" என்றார். குரலுக்காக வெட்கப்பட்டுக் கொண்டிருந்த பையனுக்கு இதைவிடப் பெரிய தைரியத்தை யாராலும் கொடுத்திருக்க முடியாது. தமக்கை திலகவதியாரிடம் வந்து நின்ற அப்பரின் கதையைப் பெரியபுராணத்திலிருந்து அவன் தானாகவே எடுத்துப் படித்தான்.

போட்டி மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிறப்புச் சான்றிதழ் நகலைச் சரிபார்த்து எண் கொடுக்கும் மேசையில் இருந்தவர், பையன் பெயர் சொன்ன குரலைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "குரல் உடைந்திருக்கிறதே அம்மா, அடுத்த வருடம் கூட்டி வரலாமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரிகிறது. ஆனாலும் பதினான்கு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக, பாடப் போகும் நேரத்தில், வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அதைச் சொல்லலாமா? இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் போதும், ஒரு பையன் பாட்டை விடுவதற்கு. அவன் பதில் சொல்லாமல் எண்ணை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டான்.

மேடையில் சுருதிப் பெட்டி ஐந்து கட்டையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு முன் பாடிய பெண் பிள்ளைகள் எல்லாரும் ஐந்தோ ஐந்தரையோதான். இவன் உட்கார்ந்ததும் "இரண்டரைக் கட்டை வேண்டும்" என்றான். நடுவர்களில் ஒரு அம்மையார் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். சுருதி இறங்கியதும் மண்டபத்தின் சத்தமே வேறாகிவிட்டது. இரண்டு பாடல்கள் பாட வேண்டும். முதல் பாடல் நன்றாகப் போனது. இரண்டாவதில் மத்திமத்தில் (‘ம’) நிற்கும் இடத்தில் குரல் படாரென்று உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் தாளம் போட்ட கை நிற்கவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அடுத்த எடுப்பு வரும்வரை வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்து, சரியான இடத்தில் சேர்ந்துகொண்டான். இது ஐயா தனியாகப் பழக்கியது. பாடும்போது குரல் போனால் துரத்திப் பிடிக்கக் கூடாது, தாளத்தை மட்டும் விடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி, வேண்டுமென்றே நடுவில் நிறுத்தச் சொல்லி மறுபடி சேரச் சொல்வார்.

பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு வாங்கிய பெண் அருமையாகப் பாடினாள், அவளுக்குக் கிடைத்ததே நியாயம். முடிந்த பிறகு அந்த நடுவர் அம்மையார் இவனைக் கூப்பிட்டு, சுருதி சேர்ந்திருந்தது, உச்சரிப்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, இப்போது எத்தனை நேரம் பாடுகிறாய், தொண்டை வலிக்கிறதா என்று விசாரித்தார். வலித்தால் அன்று பாடாதே, கேள்வி ஞானத்தை வளர்த்துக்கொள் என்றார். மதிப்பெண்ணைவிட இந்தப் பேச்சு எங்களுக்குப் பயன்பட்டது.

என் தங்கை மகனும் நன்றாகப் பாடியவன். அவன் குரல் உடைந்தபோது ஆசிரியர் சுருதியை இறக்க மறுத்துவிட்டார். கூட்டு வகுப்பில் எல்லாரும் ஐந்து கட்டை, ஒருவனுக்காக மாற்ற முடியாது என்றாராம். மேலே எட்டாமல் கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி அவன் பாட்டையே வெறுத்துவிட்டான். கூட்டு வகுப்பில் படிக்கும் பையன்களின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் சுருதியை மாற்ற மறுத்தால், குரல் நிலைக்கும்வரை வேறு ஆசிரியரிடம் தனியாகக் கற்பது எவ்வளவோ மேல். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசையும் தேவாரமும் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. பன்னிரண்டு வயதிலிருந்தே சேரலாம்.

வளையாத குரலை வைத்துக்கொண்டு விடாமல் சாதகம் செய்தே மேலே வந்தவர் கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர். 1947இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கினார். இன்னொரு பாடகர் எம். டி. ராமநாதன் ஆழ்ந்த கீழ்ச் சுருதியிலேயே பாடி ஒரு தனிப் பாணியை நிறுவினார். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உயர்ந்த சுருதிதான் நல்ல குரல் என்ற எண்ணம் அவர்களுக்கு எப்படியோ வந்துவிடுகிறது.

இப்போது அவன் குரல் ஒன்றரைக் கட்டையில் நிற்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த போட்டி விண்ணப்பத்தில் பாடப்போகும் சுருதியை எழுத ஓர் இடம் வேண்டும், முன்பதிவு மேசையில் பிள்ளைகளின் குரலைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்ப் போட்டிகளிலும் இதைக் கேளுங்கள். பையன்கள் குரல் மாறும்போது எந்தப் பாடல்களைப் பாடினார்கள், எந்தச் சுருதியில் பாடினார்கள் என்பதையும் எழுதுங்கள். ஐயாவிடம் காட்ட வேண்டும்.