செமி-ஸ்லக்: ‘ஓடிலி’, ‘அரைநத்தை’, ‘குறையோட்டு நத்தை’

ஐயா, டீச்சர், வணக்கம். ‘ஸ்லக்’ என்பது வெளியில் ஓடு தெரியாத நத்தை; ‘செமி-ஸ்லக்’ என்பது உடலை உள்ளே இழுக்கமுடியாதபடி ஓடு சிறுத்த நத்தை. நமது களப்பதிவுப் படிவத்தில் இவற்றுக்கு என்ன தமிழ்ப் பெயர் என்ற உங்கள் இருவரின் கேள்விகளுக்கும் இது பதில். முதலில் ஐயா எழுதியது:

> ஸ்லக் வகை எல்லாவற்றுக்கும் ‘ஓடிலி’ என்றே படிவத்தில் போட்டுவிடலாம்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு தடை. நுவரெலியாவில் கோவா இலையை இரவில் அரிக்கும் டெரோசெராஸ் ரெட்டிகுலேட்டம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அது ஓடிலி போலத் தெரிந்தாலும், மென்மூடிக்கு (முதுகை மூடும் தசைத்தோல், mantle) அடியில் தட்டையான சிறு ஓடு உண்டு. உள்ளும் புறமும் ஓடில்லாதது, ஆபிரிக்காவிலிருந்து வந்த லெவிகோலிஸ் ஆல்ட்டே. இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கு உரியதும் வேறெந்த நாட்டிலும் இல்லாததுமான ரத்னத்வீபியா சாதிக்கோ (பேரினம், genus) ஓடு வெளியிலேயே தெரியும். உடல்தான் அதற்குள் அடங்காது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இங்கும் வாழும் மரியெல்லா டுசுமியேரியின் ஓட்டை மென்மூடி பெரும்பாலும் போர்த்திவிடும். நான்கும் ‘ஓடிலி’ என்றால் வந்தேறியும் சுதேசியும் ஒரே பதிவாகிவிடும்.

அழியும் ஆபத்தை அளவிடும் சிவப்புப் பட்டியலில் இதன் விளைவு சிறிதல்ல. வதிவுப் பரப்பை (இனம் உண்மையில் வாழும் பரப்பு; இந்தச் சொல்லையும் முன்வைக்கிறேன், ‘பரம்பல்’ என்றால் வெளி எல்லைக்குள் அடங்கும் மொத்தப் பரப்பும் வந்துவிடும்) 2 கி.மீ. × 2 கி.மீ. கட்டங்களாக எண்ணுகிறார்கள். ஒரு கட்டம் 4 சதுர கி.மீ. இரண்டு கட்டங்களில் மட்டும் உள்ள இனத்துக்கு 8 சதுர கி.மீ. இது 10க்குக் கீழ் என்பதால், வாழிடம் துண்டாடப்பட்டுத் தொடர்ந்து குறைந்தும் வந்தால், ‘மிகவும் ஆபத்துக்குள்ளானது’. மரக்கறித் தோட்டத்து டெரோசெராஸ் ஒன்று அதே பெயரில் மூன்றாவது கட்டமாக ஏறினால் 12. இந்த அளவுகோலின்படி இனம் ஒரு படி பாதுகாப்பானதாகிவிடும், காட்டில் எதுவும் மாறாமலே.

> அப்படியானால் ‘அரைநத்தை’?

டீச்சர், மாணவர்கள் அதை வளராத நத்தை என்றே எடுப்பார்கள். குஞ்சு நத்தையின் ஓடும் மெல்லியதுதான், ஆனால் தொட்டால் முழு உடலும் உள்ளே போய்விடும். ‘குறையோட்டு நத்தை’ இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. ‘குறையோடு’ என்று எழுதினால் மட்டும் ‘குறையுடன்’ என்று பொருள் கெடும். ‘ஓட்டு’ என்றே நிற்கட்டும். டெரோசெராஸ், அதுபோல் உள்ளே ஓடுள்ள மைலாக்ஸ் வகைக்கு ‘உள்ளோட்டு நத்தை’. ‘ஓடிலி’ லெவிகோலிஸ் குடும்பத்துக்கு மட்டும்.

களத்தில் பிரிப்பது இப்படி: முதலில் தொட்டு ஒரு நிமிடம் பாருங்கள். வெளியில் ஓடு இருந்தும் உடல் அடங்காவிட்டால் குறையோடு... பார்த்தீர்களா, நாக்கு இங்கேதான் வழுக்கும். ஓடு வெளியில் தெரியாவிட்டால் முதுகைப் பாருங்கள். மென்மூடி முன்பகுதியில் சேணம்போல் இருந்தால் உள்ளோட்டு நத்தை. அதிலும் முதுகு விளிம்பு (நடுமுதுகில் உயர்ந்து நிற்கும் கோடு) வால் நுனியில் மட்டும் என்றால் டெரோசெராஸ், மென்மூடியிலிருந்து வால்வரை ஓடினால் மைலாக்ஸ். முதுகு முழுவதும் ஒரே போர்வையாக இருந்தால் ஓடிலி. குறையோட்டு நத்தைகளில் ஏமாற்றக்கூடியது மரியெல்லாதான்: ஓட்டின் சிறு பகுதியே தெரியும், மழையில் சளி மினுங்கும்போது அதுவும் தப்பிவிடும். சந்தேகமானால் ‘உறுதியற்றது’ என்று படிவத்தில் தனிப் பெட்டி வையுங்கள். அது வதிவுப் பரப்பில் சேரக்கூடாது.

மாதிரி எடுக்க வனசீவராசிகள், வனப் பாதுகாப்புத் திணைக்களங்களின் அனுமதி வேண்டும். பாடசாலைகளுக்குப் படமே போதும்: மேலிருந்து ஒன்று, மூச்சுத்துளை தெரிய வலப்பக்கத்திலிருந்து ஒன்று, தொட்டபின் ஒன்று. அனுமதி உள்ளவர்கள் உயிருள்ளதை நேரே எதனோலில் போடவேண்டாம். சுருங்கி இறுகிவிட்டால் இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க முடியாது, இனத்தை உறுதிசெய்ய அவைதான் தேவை. காற்றிடம் விடாமல் நீர் நிரப்பிய போத்தலில் இரவு முழுவதும் வைத்து, உடல் நீண்டபின் 70-80% எதனோலுக்கு மாற்றுங்கள்.