ஓநாய்க் கலப்பு நாய்க்குட்டி: சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதா?

கேள்வி: தெஹிவளைத் தாய்

வணக்கம். நாங்கள் தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், சிறிய முற்றமும் தோளளவு உயரமான மதிலும் கொண்ட வீடொன்றில் வசிக்கிறோம். மூத்தவனுக்கு நான்கு வயது. இளையவள் இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறாள். என் கணவரின் தம்பி, தமக்குத் தெரிந்த ஒருவரிடம் 'ஓநாய் நாய்' குட்டிகள் இருப்பதாகவும் அவற்றில் ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பரிசாகத் தர விரும்புவதாகவும் சொல்லி, படங்களையும் அனுப்பியிருக்கிறார். குட்டிகளுக்கு நான்கில் ஒரு பங்கு ஓநாய் இரத்தம் என்று விற்பவர் கூறுகிறாராம். சாம்பல் நிற முதுகு, வெளிர் நீலக் கண்கள், முதுகின் மேல் சுருண்ட வால் என்று தாய் நாய் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளோடு சேர்ந்தே வளரும் எந்த நாயும் சாதுவாகிவிடும் என்பது கணவரின் வாதம். மாமியாருக்கோ நாய் வாசற்படி தாண்டுவதே பிடிக்காது. இருவருக்கும் நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டியவள் நான். இத்தகைய நாய் உண்மையில் எப்படிப்பட்டது, சிறு பிள்ளைகளோடு அதை வைத்திருக்க முடியுமா, எந்த நாயாக இருந்தாலும் வீட்டில் என்ன ஒழுங்குகளைச் செய்ய வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பம்பலப்பிட்டி வாசகன்

அந்த ஓநாய் எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். இலங்கைக் காடுகளில் நரி உண்டு, ஓநாய் இல்லை. நான்கில் ஒரு பங்கு என்றால், எளிய கணக்கில், குட்டியின் பாட்டனோ பாட்டியோ முழு ஓநாயாக இருந்திருக்கும். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை ஓநாயையும், முந்தைய 4 தலைமுறைகளுக்குள் ஓநாய் கலந்த நாய்களையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. ஆகவே முறையாக வந்த விலங்கென்றால் அதற்குரிய பத்திரங்கள் இருந்தே தீரும். பத்திரம் இல்லையென்றால், ஒன்று சட்டவிரோதமாக வந்தது, இல்லாவிட்டால் ஓநாயே இல்லை.

என் ஊகம் இரண்டாவது. வளர்ந்த ஓநாயின் கண் மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ இருக்குமே தவிர நீலமாக இராது. நீலக் கண்ணும் சுருண்ட வாலும் ஹஸ்கி என்ற பனிப்பிரதேச நாயினத்தைத்தான் காட்டுகின்றன. ஹஸ்கியோடு அல்சேஷனைக் கலந்து, ஓநாய் என்ற பெயரால் விலையை ஏற்றியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை.

பதில்: கல்கரியிலிருந்து திரும்பியவர்

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் என் பெரியம்மாவின் மகன் உண்மையான ஓநாய்க் கலப்பு நாய் ஒன்றை வளர்த்தார். சில காலம் அந்த வீட்டில் தங்கியிருந்தவன் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலாவது, அது காவல் நாய் அல்ல. இவ்வளவு பெரிய விலங்கு வாசலில் நின்றால் கள்ளன் வரமாட்டான் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள், ஆனால் புதியவர் எவர் வந்தாலும் அது மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். இந்த அச்சம் அந்த ஒரு நாயின் குறைபாடும் அல்ல. நெதர்லாந்தில் லேண்டர்ட் சார்லோஸ் என்பவர் 1930களில் அல்சேஷனையும் ஓநாயையும் கலந்து, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை உருவாக்க எண்ணினார். பிறந்தவற்றிற் பெரும்பாலானவை கூச்சமும் ஒதுங்கும் இயல்பும் கொண்டவையாக இருந்ததால் அந்த நோக்கம் நிறைவேறவில்லை. அவர் இறந்த பின்னர், 1975இல், அவருடைய பெயரிலேயே அது ஓர் இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவில் கரேல் ஹார்ட்ல் 1955இல் தொடங்கிய கலப்பு முயற்சியும், 1958இல் முதற் குட்டிகளைப் பெற்ற பின், எல்லைக் காவற் படையின் பயிற்சியாளர்கள் கையில் பல தலைமுறைகள் சென்ற பிறகே ஓர் இனமாக உருப்பெற்றது. முழுநேரப் பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையை, பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருக்கும் ஒரு வீடு எப்படிச் செய்யும்?

இரண்டாவது, குட்டிப் பருவத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. நாய்க்குட்டி மனிதரோடு பழகுவதற்கான வயது ஏறத்தாழ 3 வாரத்தில் தொடங்கி 3 மாதம் வரையிலாவது நீடிக்கும். ஓநாய்க்குட்டியோ கண் நன்றாகத் தெரியும் முன்பே, 2 வார வயதிலேயே உலகை முகர்ந்து அறியத் தொடங்கி, மனிதரோடு பழகும் அந்த வயதை விரைவாகவே கடந்துவிடும். கலப்பு நாய் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது, ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே ஒன்று நாயைப் போலவும் மற்றொன்று ஓநாயைப் போலவும் வளரலாம். அந்த வீட்டு நாய் இரண்டு வயதை நெருங்கியபோதுதான் மாறியது. அதுவரை விட்டுக்கொடுத்த எலும்பை விட மறுத்தது. குளிர்காலம் வந்தால் வீட்டாரையே சோதித்துப் பார்த்தது. ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிய வேலியையும், தோண்டாதபடி நிலத்துக்குள் இறக்கிய கம்பி வலையையும் மீறி அது வெளியே போன நாட்கள் உண்டு. கதவுத் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறக்கவும் கற்றுக்கொண்டது. உங்கள் தோளளவு மதிலை அது ஒரு தடையாகவே கருதாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதோடு ஒரே அறையில் பெரியவர் துணையின்றி இருந்ததே இல்லை. அண்ணா அந்த ஒரு விதியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இளகிய மனிதர்.

கொழும்பின் புழுக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டை மயிர்ப் போர்வையுள்ள விலங்கை இங்கே குளிரூட்டிய அறையில் அடைத்து வைக்க வேண்டிவரும். ஓடித் திரிய வேண்டிய நாயை அடைத்து வைத்தால் அந்த அமைதியின்மை எங்கே வெளிப்படும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

பதில்: வெள்ளவத்தைக் கால்நடை வைத்தியர்

சகோதரி, ஹஸ்கி என்றால் பயப்பட வேண்டியதில்லை என்று பம்பலப்பிட்டி நண்பர் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. ஓநாய் இரத்தம் இருந்தால் ஆபத்துக் கூடும் என்பது உண்மை. அது இல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்பது உண்மையல்ல. சிறு பிள்ளைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான நாய்களே, அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே. பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் காயமும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும்தான் அதிகம் படுகிறது.

சேர்ந்து வளர்ந்தால் போதும் என்ற உங்கள் கணவரின் எண்ணம் மிகப் பரவலானது. சிகிச்சைக்கு நாயைக் கொண்டுவருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்பதும் அதுவே. பழகிய நாய் பிள்ளையைப் பொறுத்துக்கொள்கிறது என்பது சரி, ஆனால் அந்தப் பொறுமைக்கு எல்லை உண்டு, அந்த எல்லை நாய்க்குக் காதுவலி வந்த அன்றும் வெடிச் சத்தத்தில் உறங்காத மறுநாளும் சுருங்கிவிடும். உறங்கும் நாயின் மீது தவழும் குழந்தை கை ஊன்றினால், அது எத்தனை மாதம் சேர்ந்து வளர்ந்திருந்தாலும், விழித்த கணத்தில் அதற்குத் தெரிவது வலி மட்டுமே.

நாய் திடீரென்று கடித்தது என்று சொல்பவர்கள் அதற்கு முன் நடந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். உணவு எதுவும் இல்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்திலும் கொட்டாவி விடுவது, தலையை அப்பால் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, வாலை ஒடுக்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக அசைவின்றி விறைத்து நிற்பது ஆகியவை 'என்னை விட்டுவிடு' என்று நாய் கேட்கும் முறைகள். நாய் பிள்ளையின் அணைப்பில் விறைத்து நிற்பதைப் பார்த்து 'எவ்வளவு பொறுமை' என்று படம் எடுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது பிள்ளையைத் தூக்கிக்கொள்வது. உறுமியதற்காக நாயை அடிக்கவும் கூடாது: உறுமல் அடங்கிவிடும், அதற்குக் காரணமான அச்சம் அடங்காது, அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி வரும். இவை அச்சத்தாலோ எரிச்சலாலோ கடிக்கும் நாய்க்குப் பொருந்தும். இரையைத் துரத்தும் உந்துதல் வேறு. அதில் கோபம் இல்லை, ஆகவே உறுமலும் இல்லை. கீச்சிட்டுக்கொண்டு ஓடி விழும் பிள்ளை அதைத் தூண்டக்கூடும். ஓநாய்க் கலப்பிலும் ஹஸ்கியிலும் அந்த உந்துதல் வலுவாக இருப்பதால்தான் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இரண்டையும் பரிந்துரைப்பதில்லை.

எந்த நாயை வளர்த்தாலும், மேற்பார்வை என்பதன் பொருள் ஒரு பெரியவர் அதே அறையில் இருப்பது மட்டுமல்ல. கைத்தொலைபேசியைப் பார்க்காமல், பிள்ளையை எட்டித் தூக்கக்கூடிய தூரத்தில் இருப்பது. அது முடியாத வேளையில், குளிக்கப் போகும்போதோ குசினியில் அடுப்பு எரியும்போதோ, நாயும் பிள்ளையும் கதவாலோ தடுப்புப் படலையாலோ பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் இளையவள் தவழும் காலம் முழுவதும் இதுவே முதல் விதி. நாய்க்கென்று பிள்ளைகள் நுழையாத ஒரு மூலை இருக்கட்டும். சாப்பிடும்போதும் உறங்கும்போதும் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போதும் அதன் அருகே பிள்ளைகள் போகக் கூடாது. நான்கு வயதுக்காரனுக்கு ஒரு சிறு பழக்கம் கற்றுக்கொடுக்கலாம்: நாயைத் தேடிப் போகாமல் அதைத் தன்னிடம் வரவிடுவது, கழுத்தின் பக்கவாட்டில் மூன்று நொடி தடவிக் கையை எடுப்பது, நாய் மறுபடி நெருங்கி வந்தால் மட்டும் தொடர்வது. ஆனால் அந்த வயதுப் பிள்ளை விதியை ஒப்பித்துவிட்டு அடுத்த நிமிடமே மீறும். விதியைக் காப்பது பெரியவரின் வேலை.

இன்னொன்று: விசர்நாய்த் தடுப்பூசிகள் வீட்டு நாய்களில் சோதிக்கப்பட்டவை. ஓநாய்க் கலப்புக்கென உரிமம் பெற்ற தடுப்பூசி அமெரிக்காவிலேயே இல்லை. அங்கு இத்தகைய விலங்கு கடித்தால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயைக் கொல்லாமல் சில நாட்கள் அடைத்து வைத்துக் கண்காணிக்கும் சலுகை அதற்குக் கிடைக்காமல் போகலாம்.

கேள்வியாளரின் மறுமொழி: தெஹிவளைத் தாய்

அனைவருக்கும் நன்றி. பத்திரம் பற்றி மைத்துனர் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றிவிட்டாராம். கணவர் வைத்தியரின் பதிலை இரண்டு முறை வாசித்தார். குட்டி வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். ஆனால் பழகிய நாயைப் பற்றி வாசித்ததும் வேறொரு கவலை வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பழுப்பு நிற வீதி நாய் நெடுங்காலமாக இருக்கிறது. மகன் முன்பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் கையால் அதற்கு பிஸ்கட் கொடுக்கிறான். எவரையும் கடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இதையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி

மகள், கையால் கொடுப்பதை நிறுத்துங்கள். நாய்க்குச் சாப்பாடு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர் ஒருவர் ஒரு பாத்திரத்தில் வைத்துவிட்டு விலகி வரலாம். கையில் பிஸ்கட் உள்ள பிள்ளையைச் சுற்றி இரண்டாவது நாயும் மூன்றாவது நாயும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று சண்டையிடும். பிள்ளை நடுவில் அகப்படும். அந்த நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்படுகிறதா என்று மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். ஒழுங்கையில் உள்ளவர்கள் சேர்ந்து அதற்கு ஊசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்விப்பது எல்லோருக்கும் நல்லது. அறியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு சேர்த்து மரம்போல நின்று நிலத்தைப் பார்க்க மகனுக்கு வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

நான் பணியாற்றிய காலத்தில் கடிக் காயத்தின் மீது மஞ்சளும் கோப்பித் தூளும் அப்பிக்கொண்டு வந்தவர்கள் பலர். அவற்றைக் கழுவி எடுப்பதிலேயே நேரம் போகும். கடித்தாலும் பிறாண்டினாலும், புண்ணான தோலை நாய் நக்கினாலும், ஓடும் குழாய் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவுங்கள்; பிள்ளை அழும், அதற்காக இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள். பிறகு கட்டுப்போட்டு மூடாமல் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். உங்களுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை தூரமில்லை. ஊசி மட்டும் போதுமா, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள் மருந்து) செலுத்த வேண்டுமா என்பதைக் காயத்தைப் பார்த்து அங்கே தீர்மானிப்பார்கள். விசர்நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவதென்பது ஏறக்குறைய இல்லை என்பதால் 'பார்த்துக்கொண்டு நாளை போகலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடவும் வேண்டாம். அது உயிரோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால்தான் வைத்தியர் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, விசர் இருக்கலாம் என்று ஐயப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 100க்கு ஏறத்தாழ 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஏச்சு விழும் என்று பயந்து சிறு பிறாண்டலை மறைத்துவிடுகிறார்கள். நாய் தொட்டால், நக்கினால், பிறாண்டினால் அம்மாவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் ஏசமாட்டார்கள் என்று மகனுக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள். மாமியாரும் அதே வார்த்தையைச் சொல்லும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பகலில் பிள்ளையோடு இருப்பவர் அவர் என்றால்.