ஜர்னி லாக்கில் 2.6 மணி இடிக்கிறது, அவசரம்

வால்காற்று:
நாளைக் காலை விமானம் கிளம்ப வேண்டும். விமானத்தின் பயணப் பதிவுப் புத்தகமான ஜர்னி லாக்கில் மொத்த நேரம் 2.6 மணி குறைவாக வருகிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன், கூட்டலில் தப்பில்லை. எங்கே தேடுவது?

ரன்வே27:
எதைவிடக் குறைவு? இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரா, டேக்கோ மீட்டரா, இன்ஜினியரின் புத்தகமா? என்ன விமானம்?

எண்ணெய்_அழுத்தம்:
ஹாப்ஸ் என்றால் இடிக்கத்தான் செய்யும். பல விமானங்களில் எண்ணெய் அழுத்தம் வந்ததுமே அது ஓட ஆரம்பித்துவிடும். டாக்சி (தரையில் ஓட்டிப் போவது), ரன்-அப் (கிளம்புமுன் இன்ஜின் சோதனை), வரிசையில் காத்திருந்தது எல்லாம் அதில் ஏறிவிடும். எங்கள் விமானத்தில் அதை ஓட்டும் எண்ணெய் அழுத்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, இன்ஜின் நின்ற பிறகும் மீட்டர் ஓடியது. முதலில் சுவிட்சைப் பாருங்கள்.

நடுவானம்:
டேக்கோ என்றால் கதை வேறு. அது இன்ஜின் சுற்றுகளை எண்ணுவது. குரூஸில் (உயரத்தில் சீராகப் பறக்கும்போது) ஓடும் சுற்றுக்குத்தான் மணி சரியாக வரும், மெதுவாக ஓடினால் குறைத்துக் காட்டும்.

பழையகை:
அடிப்படை தெரியாமல் பேனாவைத் தொடக்கூடாது. பைலட்டின் கணக்கு, விமானம் தன் சக்தியில் நகர்ந்ததிலிருந்து கடைசியாக நிற்கும் வரை. பராமரிப்புக் கணக்கு, சக்கரம் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தொடும் வரை. இரண்டையும் கலந்திருப்பீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான். போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

வால்காற்று:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். செஸ்னா 172. இன்ஜினியரின் ஏர்ஃப்ரேம் லாக்கோடு (விமான உடலின் பராமரிப்புப் பதிவு) ஒப்பிட்டேன். நாங்கள் எழுதும் ஏறிய, இறங்கிய நேரங்களை வைத்து அவர் தனியாகக் கணக்குப் போடுவார். இரண்டுமே பறந்த நேரம்தான், கலக்கவில்லை. எங்கள் கணக்கில் 100 மணி பரிசோதனைக்கு இன்னும் 3.0 இருக்கிறது, அவர் கணக்கில் 0.4 தான்.

குறுக்குக்காற்று:
இதற்குத்தான் டேப்லெட்டுக்கு மாறச் சொல்கிறேன். இந்தக் காலத்திலும் கையால் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

பழையகை:
1944 சிகாகோ உடன்படிக்கையின் 29ஆம் பிரிவைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் விமானத்தில் ஜர்னி லாக் இருந்தாக வேண்டும். பேட்டரி தீர்ந்த டேப்லெட்டை யாரிடம் காட்டுவீர்கள்?

குறுக்குக்காற்று:
இருக்க வேண்டும் என்கிறது, காகிதத்தில்தான் என்று எங்கே சொல்கிறது? விமானப் போக்குவரத்து ஆணையம் ஒப்புக்கொண்டால் மின்பதிவும் செல்லும்.

எண்ணெய்_அழுத்தம்:
எதில் எழுதினாலும் சரி, இன்ஜின் லாக்கையும் ஏர்ஃப்ரேம் லாக்கையும் விமானத்தில் ஏற்றாதீர்கள். விபத்தானால் விமானத்தோடு அதன் வரலாறும் எரிந்துபோகும்.

ரன்வே27:
சண்டை அப்புறம். வால்காற்று, அந்தப் புத்தகத்தில் எத்தனை பேர் எழுதுகிறீர்கள்? மொத்த நேரக் கட்டத்தில் 1.30 என்று எங்காவது இருக்கிறதா? ஒன்றரை மணி தசமத்தில் 1.5. ஆறு நிமிடத்துக்கு 0.1. மணி, நிமிடத்தை 1.30 என்று எழுதி அப்படியே கூட்டினால் வரிக்கு 0.2 காணாமல் போகும். முக்கால் மணியை 0.45 என்று எழுதினால் 0.3. எத்தனை முறை கூட்டினாலும் இது அகப்படாது. ஏறிய, இறங்கிய நேரத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பாருங்கள்.

வால்காற்று:
கிடைத்துவிட்டது! புதிதாகச் சேர்ந்தவரின் கையெழுத்தில் 11 வரி. 0820க்கு ஏறி 0950க்கு இறங்கியிருக்கிறார், பக்கத்துக் கட்டத்தில் 1.30. அப்படி ஏழு, 0.45 என்று நாலு. 1.4ம் 1.2ம் சேர்ந்தால் சரியாக 2.6. வெள்ளை மை பூசித் திருத்தலாமா?

ரன்வே27:
கூடவே கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், தேதி, சுருக்கொப்பம். முதல் தப்பு வந்த பக்கத்திலிருந்து முன்கொணர்ந்த மொத்தம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இன்ஜினியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பழையகை:
தசமமா நிமிடமா என்று அட்டையின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறோம்.

நடுவானம்:
அந்தப் பதினொரு வரிகள் அவருடைய சொந்த லாக் புத்தகத்திலும் அப்படியே ஏறியிருக்குமே? அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வால்காற்று:
நாளைப் பயணம் ரத்து. விமானம் ஹேங்கரில். நன்றி.